எல்கேஜி வாசலில் ஒரு குலுக்கல்: 25 விழுக்காட்டில் தலித் குழந்தைகளின் பங்கு எங்கே?

2025 ஜூன் மாதம் தமிழ்நாட்டின் தனியார் பள்ளிகள் வழக்கம்போலத் திறந்தன. பெரம்பலூரிலிருந்து வேப்பந்தட்டை வழியாக ஆத்தூர் செல்லும் சாலையிலும், மாநிலத்தின் பிற சாலைகளைப் போலவே, மஞ்சள் வேன்கள் ஓடத் தொடங்கின. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் ஏழை எளிய குழந்தைகளுக்குத் தனியார் பள்ளிகளில் 25 விழுக்காடு இடங்களை வழங்கும் சேர்க்கை அறிவிப்பு மட்டும் வரவில்லை. தேசியக் கல்விக் கொள்கையோடு இணைந்த பி.எம். ஸ்ரீ திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதற்காக ஒன்றிய அரசு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட நிதியை நிறுத்தி வைத்தது. அதைக் காரணம் காட்டி மாநில அரசு சேர்க்கையைத் தள்ளிவைத்தது. இந்த நிதியைக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை என்றும், நிதி வரவில்லை எனக் கூறி மாநில அரசு தன் கடமையிலிருந்து விலக முடியாது என்றும் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஜூன் மாதத்திலேயே தெளிவுபடுத்தியது.

அக்டோபரில் நிதி வந்தது, சேர்க்கையும் அறிவிக்கப்பட்டது. ஆனால் யாருக்கு? அந்தக் கல்வியாண்டில் அதே பள்ளிகளில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட குழந்தைகளுள் தகுதி உடையவர்களுக்கு. அவர்கள் கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றது அரசு. கல்வியாண்டின் நடுவில் வேறு வழியில்லை என்பது நிர்வாகத்தின் வாதமாக இருக்கலாம். அதன் விளைவை நாம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜூன் மாதத்தில் கடன் வாங்கியாவது கட்டணம் கட்ட முடிந்த குடும்பத்திற்கு அக்டோபரில் உரிமை கிடைத்தது. கட்ட முடியாமல் திரும்பிய கூலித் தொழிலாளியின் குழந்தைக்குக் கிடைக்கவில்லை. பணமில்லாதவருக்காக எழுதப்பட்ட சட்டப் பிரிவு, அந்த ஓராண்டில் முதலில் பணம் கட்டியவருக்கே பயன்பட்டது.

இதை ஓராண்டு விபத்து என்று கடந்துவிட முடியாது. சேர்க்கை ஒழுங்காக நடந்த ஆண்டுகளிலும் தலித் குழந்தைகளின் பங்கு என்ன என்ற கேள்வி கேட்கப்படாமலே இருந்து வந்திருக்கிறது.

வரையறைக்குள் கரைந்த பங்கு

2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(இ) பிரிவு, சிறுபான்மையினர் பள்ளிகள் நீங்கலான தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் குறைந்தது 25 விழுக்காடு இடங்களை வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கும் நலிவடைந்த பிரிவினருக்கும் உரியதாக்குகிறது. உச்ச நீதிமன்றம் 2012 இல் இப்பிரிவை உறுதி செய்தது. வாய்ப்பு மறுக்கப்பட்டோர் யார் என வகுக்கும் பொறுப்பில் பெரும்பகுதி மாநிலங்களிடம் விடப்பட்டது. தமிழ்நாடு பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் அனைவரையும் ஒரே பிரிவில் வைத்தது. ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குக் குறைவாக உள்ள மற்றவர்கள் நலிவடைந்த பிரிவினர் ஆனார்கள். ஆதரவற்ற குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், தூய்மைப் பணியாளர்களின் குழந்தைகள் உள்ளிட்ட சிலருக்கு முன்னுரிமை உண்டு. விண்ணப்பங்கள் இடங்களை விஞ்சும்போது எஞ்சியோருக்குக் குலுக்கல்.

ஆக, ஊரில் நிலமும் கடையும் வைத்திருப்பவரின் குழந்தையும், காலனியிலிருந்து பருத்தி எடுக்கவும் மக்காச்சோளம் அறுக்கவும் செல்பவரின் குழந்தையும் ஒரே குடத்தில் போடப்பட்ட இரண்டு சீட்டுகள். குலுக்கல் நேர்மையாகவே நடக்கலாம். ஆனால் குடத்திற்குள் சீட்டு போய்ச் சேர்வதற்கே சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, இணைய விண்ணப்பம், உரிய தேதி குறித்த தகவல் ஆகியவை வேண்டும். இவை யாரிடம் எளிதாக இருக்கின்றன என்பது நமக்குத் தெரியும்.

அண்டை மாநிலங்கள் இதை வேறு வகையில் அணுகின. ஒன்றுபட்ட ஆந்திரத்தின் விதிகள் 25 விழுக்காட்டுக்குள் பட்டியல் சாதியினருக்கு 10, பழங்குடியினருக்கு 4 எனப் பிரித்தன. கர்நாடகம் 7.5, 1.5 எனப் பிரித்தது. 40 குழந்தைகள் கொண்ட ஓர் எல்கேஜி வகுப்பை எடுத்துக்கொள்வோம். சட்டப்படி 10 இடங்கள். ஆந்திரக் கணக்கில் அவற்றுள் 4 தலித் குழந்தைகளுக்கு உறுதி. கர்நாடகக் கணக்கில் 3. தமிழ்நாட்டுக் கணக்கில் உறுதியான எண்ணிக்கை பூஜ்யம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 31 விழுக்காடு பட்டியல் சாதியினர் வாழும் பெரம்பலூர் மாவட்டத்திற்கும் இதே பூஜ்யம்தான். கல்லூரிச் சேர்க்கையில் 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டைக் காத்து நிற்கும் மாநிலம், 2009 இல் அருந்ததியருக்கு உள் ஒதுக்கீடு வழங்கிய மாநிலம், நான்கு வயதுக் குழந்தையின் வாசலில் மட்டும் அந்த அறிவைப் பயன்படுத்தாதது ஏன்?

ஒரு கிலோமீட்டர் எல்லை

இரண்டாவது தடை தொலைவு. பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டர் சுற்றளவில் வசிப்பவர்களுக்கே முதலிடம் என்பது விதி. நகரத்திற்கு இது பொருந்தலாம். கிராமப்புறத்தில் தனியார் நர்சரிப் பள்ளிகள் பெரும்பாலும் சாலையோர ஊர்களில் இருக்கின்றன. கட்டணம் கட்டும் குழந்தையை அழைத்துவர வேன் பல கிலோமீட்டர் உள்ளே போகிறது. கட்டணம் கட்ட முடியாத குழந்தையைத் தேடிச் சட்டம் அவ்வளவு தூரம் போவதில்லை. ஊரும் சேரியும் தனித்தனியாக அமைந்திருக்கும் நிலப்பரப்பில் தொலைவு வெறும் அளவுகோல் அன்று. அதற்குள் சாதியும் இருக்கிறது. பச்சைமலை அடிவாரத்துப் பழங்குடிக் குழந்தைகளின் நிலையும் இதுதான்.

இடம் கிடைத்த பிறகும் செலவு தொடர்கிறது. அரசு பள்ளிக்கு ஈடுசெய்வது கற்பிப்புக் கட்டணத்தை மட்டுமே. பாடநூல், சீருடை, வேன் ஆகியவை பெற்றோர் தலையில் விழுகின்றன. புத்தகம், சீருடை உள்ளிட்ட செலவுகளையும் அரசே ஏற்க வேண்டும் என 2023 இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறிய பின்னும் இந்தச் சுமை முற்றிலும் நீங்கவில்லை. வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்பில்தான் இப்பள்ளிகளின் வீட்டுப்பாடம் தரப்படுகிறது. முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் குழந்தை அங்கே மௌனமாகப் பின்தங்குகிறது. எட்டாம் வகுப்போடு சட்டத்தின் பாதுகாப்பும் முடிந்துவிடுகிறது.

அரசுப் பள்ளியா, தனியார் பள்ளியா?

இங்கே நம் தோழர்கள் எழுப்பும் நியாயமான கேள்வி ஒன்று உண்டு. பொதுப்பணத்தைத் தனியாருக்குக் கொடுப்பதைவிட அரசுப் பள்ளியை வலுப்படுத்துவதல்லவா சரி? அதுவே சரி. 2019 இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கும் 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி வகுப்புகள் தொடங்கப்பட்டன. அவை போதிய ஆசிரியர்களோடு எல்லா ஊர்களுக்கும் விரிந்தால் வேனுக்குக் காத்திருக்கும் தேவையே குறையும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் வெறிச்சோடிய வகுப்பறைகளுக்கும் அதுவே மருந்து.

ஆனால் அந்த நாள் வரும்வரை 12(1)(இ) பிரிவைக் கைவிடுவது யாருக்கு உதவும்? அருகில் அரசுப் பள்ளி இருந்தால் தனியார் பள்ளி இடம் தர வேண்டியதில்லை எனக் கர்நாடகம் 2019 இல் விதியை மாற்றியது. அங்கே இச்சேர்க்கை ஏறக்குறைய முடங்கிப்போனது. 2024 இல் மகாராஷ்டிரம் அதையே செய்தபோது மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இப்பிரிவு பள்ளி முதலாளிகளுக்கான மானியம் அன்று. கட்டணத்தால் பிரிக்கப்பட்ட குழந்தைகள் ஒரே பலகையில் அமர வேண்டும் என்பதே அதன் உயிர். இவ்வாறு சேரும் குழந்தைகளை வகுப்பறையில் தனியே பிரிக்கக் கூடாது என விதிகள் சொல்வதும் அதனால்தான்.

எனவே நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் நான்கு. 25 விழுக்காட்டுக்குள் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மாவட்ட மக்கள்தொகைக்கு ஏற்ற உள் ஒதுக்கீடு வேண்டும். சேர்ந்த குழந்தைகளின் சமூகவாரி எண்ணிக்கை பள்ளிவாரியாக ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். வேன் செல்லும் கிராமங்கள் அனைத்தும் அந்தப் பள்ளியின் அருகமைப் பகுதியாகக் கொள்ளப்பட வேண்டும். ஒன்றிய நிதி வந்தாலும் வராவிட்டாலும் ஏப்ரலில் சேர்க்கை தொடங்க வேண்டும்.

இவற்றுள் இரண்டாவதற்கு அரசின் மனமாற்றத்தை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. வேப்பந்தட்டை அரசு கலை அறிவியல் கல்லூரியில் படிக்கும் ஒரு மாணவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு பக்க மனு எழுதினால் போதும்: நம் வட்டாரத்தில் ஒவ்வொரு தனியார் பள்ளியிலும் இப்பிரிவில் சேர்ந்த பட்டியல் சாதிக் குழந்தைகள் எத்தனை பேர்? வரும் பதிலைக் காலனியின் நடுவில் நின்று உரக்க வாசிப்போம். அடுத்த ஏப்ரலில் விண்ணப்பம் நிரப்ப வருவோரின் எண்ணிக்கை அங்கிருந்துதான் கூடும்.