கதவுக்கு அப்பால் இருக்கும் தலைமை



பட்டம் முடித்த நம் தருமபுரி மாவட்டப் பிள்ளைகள் பலர் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். கல்வி நிறுவனத்தில் வேலை என்றால் பெற்றோருக்குத் தனி மகிழ்ச்சி. கல்வியைப் பரப்பும் பணியில் ஹலாலான வருமானம் கிடைக்கும் என்று எண்ணுகிறோம். அவ்வெண்ணத்தைச் சற்றே ஆராய்ந்து பார்க்கப் பெங்களூரின் பைஜூஸ் நிறுவனத்தின் கதை உதவும்.

அதன் நிறுவனர் பைஜூ ரவீந்திரன் வகுப்பறையில் பாடம் நடத்தி உயர்ந்தவர். 2022இல் அந்நிறுவனத்தின் மதிப்பு 2,200 கோடி டாலர் எனக் கணிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில், செலவைக் குறைக்க 2,500 பேரைப் பணிநீக்கம் செய்வதாக அறிவித்தது. அடுத்த மாதமே கால்பந்து வீரர் மெஸ்ஸியைத் தன் விளம்பரத் தூதராக அறிவித்தது. கத்தார் உலகக் கோப்பைக்கும் அது விளம்பரதாரராக இருந்தது. வேலையிழந்த ஒருவரின் வீட்டில் அச்செய்தி எவ்வாறு வாசிக்கப்பட்டிருக்கும் என்பதை மேலிடத்தில் எவரேனும் சிந்தித்தனரா?

திருவனந்தபுரம் மையத்தை மூடும் முடிவை எதிர்த்து அங்கிருந்த ஊழியர்கள் கேரளத் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சிவன்குட்டியிடம் முறையிட்ட பின்னரே அம்முடிவு கைவிடப்பட்டது. தம் நிறுவனத்தின் தலைவரிடம் பேச அமைச்சர் வழியாகச் சுற்றிவர வேண்டியிருந்தது! 2024இல் ஊதியம் தாமதமாயிற்று. ஜூலையில் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் சென்றது. ஊதியம் வழங்குவதற்காக நிறுவனர் தம் குடும்ப வீடுகளை அடகு வைத்ததாகவும் செய்தி வந்தது. அதையும் சொல்வதே நீதி.

கூஃபாவின் ஆளுநராயிருந்த ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் தம் மாளிகைக்குக் கதவு அமைத்தபோது, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் முஹம்மத் இப்னு மஸ்லமா (ரலி) அவர்களை அனுப்பி அக்கதவை எரிக்கச் செய்தார்கள். ஸஅத் (ரலி) அவர்களோ சுவர்க்கத்து நற்செய்தி பெற்ற பதின்மரில் ஒருவர். கடைவீதியின் இரைச்சல் கேட்கக் கூடாது என்பதே அவர்களின் நோக்கம். நல்ல மனிதரின் நியாயமான காரணமும் மக்களின் குரலைத் தடுத்துவிடும் என்பதை உமர் (ரலி) அவர்கள் உணர்ந்திருந்தார்கள். தலைமையின் மீதான பழி பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. கொடுமை செய்ய எவரும் கதவு அமைப்பதில்லை. அமைதி வேண்டியே அமைக்கின்றனர்.

விற்பனைப் பிரிவில் இருக்கும் நம் பிள்ளைகளின் நிலை இன்னும் கடினம். மேலிடம் இலக்கு நிர்ணயிக்கும். ஏழைத் தந்தையின் வீட்டுக்குச் சென்று கடன் படிவத்தில் கையொப்பம் வாங்குபவன் ஊழியன். பைஜூஸின் விற்பனை முறை குறித்த புகார்களுக்காகத் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2022 டிசம்பரில் அதன் தலைமைக்கு அழைப்பாணை அனுப்பியது. பொய் சொல்லி விற்றுவிட்டு, மேலாளர் கட்டளையிட்டார் என்பது மறுமையில் பதிலாகாது. எனினும், உடனே விலகிவிடு என்று குடும்பச் சுமை தாங்கும் இளைஞனிடம் எளிதாகச் சொல்லவும் என் நா எழவில்லை. பொய்யான வாக்குறுதியை மட்டும் மறுத்துவிட்டு, வேறு வேலையைத் தேடிக்கொண்டே இருக்கலாம். அதற்குக் குடும்பத்தார் துணை நிற்க வேண்டும். சம்பளம் குறைந்தால் முகம் சுளிக்கும் பெற்றோருக்கும் இப்பொய்யில் பங்குண்டு.

பெங்களூரை விடுங்கள். நம் மதரஸாக்களையும் சிறு பள்ளிக்கூடங்களையும் பாருங்கள். பாட நேரத்தை மாற்றுவது, பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது, நூலை மாற்றுவது எல்லாம் உஸ்தாத் இல்லாத கூட்டத்தில் முடிவாகின்றன. சந்தா வசூலானால்தான் சம்பளம். கேட்டால், “இக்லாஸ் இல்லையா ஹஜ்ரத்?” என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், வேலை வாங்குபவரின் வசூல் முடியட்டும் என்று நிபந்தனை விதிக்கவில்லை. அகழ் தோண்டியபோது தாமும் மண் சுமந்தார்கள். அகழ் வேண்டும் என்ற யோசனையையே பாரசீகத்திலிருந்து வந்த ஸல்மான் (ரலி) அவர்களிடமிருந்து ஏற்றார்கள்.

ஷவ்வாலில் புதிய பாட ஆண்டு தொடங்குமுன் நிர்வாகக் கூட்டங்கள் நடைபெறும். முத்தவல்லிமார்கள் அக்கூட்டத்தில் உஸ்தாதுகளுக்கும் ஒரு நாற்காலி போடட்டும். பேச்சைத் தொடங்கும் வாய்ப்பையும் அவர்களுக்கே தரட்டும். மாதத்தின் எந்தத் தேதியில் ஊதியம் என்பது அன்றே எழுத்தில் பதிவாகட்டும்.