கார் இல்லாத மாப்பிள்ளை

கார் இல்லாத பையனுக்கு இந்தக் காலத்தில் பெண் கொடுக்க யோசிக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார் கர்நாடகத் துணை முதல்வர் டி.கே.சிவகுமார். திண்ணையில் உட்கார்ந்து யாரோ பேசிய பேச்சாக இருந்தால் விட்டுவிடலாம். பெங்களூரு வளர்ச்சித் துறையைக் கையில் வைத்திருப்பவர் பேசியது இது. ஹெப்பாளிலிருந்து சில்க் போர்டு வரை பூமிக்கடியில் எதற்காகச் சாலை போட வேண்டும் என்று கேட்டவர்களுக்கு அவர் தந்த பதில். காரை எடுக்காதே என்று யாரையும் தடுக்க முடியாது, குடும்பத்தோடு சொந்த வண்டியில் போவது ஒரு சமூகக் கடமை என்றும் சொல்கிறார்.

அந்தக் கடமைக்கு என்ன செலவாகிறது என்று பார்ப்போம். பெங்களூருவில் பெட்ரோல் 2021 ஜூனில் நூறு ரூபாயைத் தாண்டியது. இடையில் கொஞ்சம் இறங்கியது. 2024 ஜூனில் இதே மாநில அரசு விற்பனை வரியை 25.92 சதவீதத்திலிருந்து 29.84 ஆக்கியதும் லிட்டருக்கு ஒரே நாளில் மூன்று ரூபாய் ஏறியது. 2025இல் 102 ரூபாய்க்கு மேல். வேலைக்குப் போக வர 40 கிலோமீட்டர் ஓட்டும் ஒருவருக்கு, பெங்களூரு நெரிசலில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கிடைத்தால், ஒரு நாளைக்கு 340 ரூபாய். மாதம் 25 நாளுக்கு 8,500. கார் கடன் தவணை தனி. மாநகரப் பேருந்தில் சாதாரண மாத பாஸ் 1,200 ரூபாய்தான்.

மின்சாரக் கார் வாங்கிக்கொள்ளட்டுமே என்பார்கள். வாங்க முடிந்தவர்கள் தாராளமாக வாங்கட்டும். 2001இல் ரேவா என்ற குட்டி மின்சாரக் காரைச் சந்தைக்குக் கொண்டுவந்து நாட்டுக்கே வழிகாட்டிய ஊர் பெங்களூரு. லண்டன் தெருக்களில் அது ஜி-விஸ் என்ற பெயரில் ஓடியது. செலவு குறையும், புகை இல்லை. ஆனால் மாரத்தஹள்ளி நெரிசலில் பெட்ரோல் கார் அடைக்கிற அதே இடத்தைத்தான் மின்சாரக் காரும் அடைக்கிறது. ஒரு கோடிக்கு மேல் வண்டிகள் பதிவான ஊருக்கு இன்னொரு வகைக் கார் எப்படி விடிவாகும்? பெட்ரோல் காருக்கு மாற்று, பேருந்தும் ரயிலும்தான்.

இங்கேதான் வயிறு எரிகிறது. 2022 ஜூன் 20ஆம் தேதி பெங்களூரு புறநகர் ரயில் திட்டத்துக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். 148 கிலோமீட்டர், நான்கு வழித்தடங்கள், 15,767 கோடி ரூபாய். நாற்பது ஆண்டுக் கனவை நாற்பது மாதத்தில் முடித்துத் தருவதாக மேடையிலேயே உறுதி சொன்னார். அந்த நாற்பது மாதம் 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. ஒரு ரயில்கூட ஓடவில்லை. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். வெள்ளைக்காரன் காலத்தில் சென்னையில் முடிந்த காரியம், உலகுக்கே மென்பொருள் எழுதித் தரும் ஊரில் இன்றும் முடியவில்லை. டெல்லி, பெங்களூரு இரண்டு அரசுகளுக்கும் இந்தப் பழியில் பங்கு உண்டு.

சிவகுமார் போட நினைக்கும் சுரங்கச் சாலையின் நீளம் 16.75 கிலோமீட்டர். செலவு 17 ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேல். கணக்கை மறுபடி பாருங்கள். 148 கிலோமீட்டர் ரயிலுக்குப் போட்ட மதிப்பீட்டைவிட, 17 கிலோமீட்டர்கூட இல்லாத ஒரு சாலைக்கு அதிகம்! ரயில் கணக்கு பழையது, இன்று கூடியிருக்கும் என்பது தெரியும். இரண்டு மடங்கே ஆனாலும் கிலோமீட்டருக்கு அதுதான் மலிவு. சுரங்கத்தில் போகச் சுங்கம் கட்ட வேண்டும். ஸ்கூட்டருக்கும் ஆட்டோவுக்கும் அங்கே இடம் கிடையாது. லால்பாக் பூங்காவின் ஓரத்தையும் கேட்டார்கள். எல்லாம் கார் வைத்திருப்பவருக்காக.

பேருந்தில் போகிறவருக்கு என்ன செய்தார்கள்? 2023 ஜூனில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தந்தார்கள். மனதாரப் பாராட்டுகிறோம். ஆனால் இவ்வளவு பெரிய நகரத்துக்கு ஏறத்தாழ 7,000 பேருந்துகள் எப்படிப் போதும்? 2019இல் வெளிவட்டச் சாலையில் பேருந்துக்கென்று தனித் தடம் ஒதுக்கினார்கள். சில காலத்திலேயே அது இருந்த இடம் தெரியாமல் போனது. மெட்ரோவின் உச்சக் கட்டணம் 2025 பிப்ரவரியில் 60 ரூபாயிலிருந்து 90 ஆனது. இப்படிச் செய்துவிட்டு, மக்கள் காரைத்தான் விரும்புகிறார்கள் என்று சொல்வது நியாயமே இல்லை.

பெண்ணைப் பெற்றவர்களிடமும் ஒரு வார்த்தை. மாப்பிள்ளை வீட்டு வாசலில் கார் நிற்கிறதா என்று பார்க்கும் பழக்கம் நம்மிடமும் வந்துவிட்டது. அந்தக் காரைப் பெண் வீட்டாரே வாங்கித் தர வேண்டும் என்று கேட்கும் அளவுக்கு முற்றியும் விட்டது. நகையோடு கார் சாவியையும் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு, ஆண்டுக்கணக்கில் வட்டி கட்டும் தகப்பன்கள் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பையனுக்குக் குணம் எப்படி, குடி உண்டா, கடன் எவ்வளவு என்று விசாரியுங்கள். பஸ்ஸில் வேலைக்குப் போகிறவன் என்றால் கையிருப்பு உள்ளவன் என்று நம்பிக் கொடுங்கள். வரதட்சணையாகக் கார் கேட்கும் வீட்டுக்குப் பெண் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

ஆட்சியில் இருப்பவர்கள் இந்தக் கார் வியாதியைக் குணப்படுத்த வேண்டியவர்கள். அதையே காரணம் காட்டிப் பூமியைக் குடைவது அடுக்காது. சிவகுமார் அவர்களே, சுரங்கச் சாலையைக் கைவிடுங்கள். வெளிவட்டச் சாலையில் பேருந்துத் தடத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள். டெல்லியோடு சண்டை போட்டாவது புறநகர் ரயிலின் முதல் வண்டியை உங்கள் பதவிக் காலத்துக்குள் ஓடவிடுங்கள்.