மலையில இருந்து இறங்கும்போது தப்பான பாடத்தைக் கொண்டு வராதீங்க (த்ரெட்)

1/ "நீண்ட தூர நடை எனக்குக் கற்றுத்தந்த வாழ்க்கைப் பாடங்கள்"னு வாரம் ஒரு பதிவாவது கண்ணுல படுது. அதுல தவறாம ஒண்ணு இருக்கும்: "வலி மனசுலதான் இருக்கு. தாண்டி நட." ஓசூர் பக்கம் அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிற டாக்டரா சொல்றேன்: இது பாடம் இல்லை, ஆபத்து.

2/ ட்ரெக்கிங் வேண்டாம்னு சொல்லல. 2024 அக்டோபர்ல அரசு தொடங்கின 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 பாதைகளில் நம்ம மாவட்டத்துல குத்திராயன் சிகரமும் அய்யூர்–சாமியேரியும் இருக்கு. தாராளமா போங்க. ஆனா அங்க நிஜமா என்ன நடக்குதுன்னு கவனிங்க.

3/ வழி தெரிஞ்ச உள்ளூர்க்காரர் கூட வர்றார். குழுவுல மெதுவா நடக்கிறவரோட வேகம்தான் எல்லாருக்கும். காலில் கொப்புளம் வந்தா உட்கார்ந்து ஷூவைக் கழட்டறீங்க. தலை சுத்தினா நிழல், தண்ணி, தேவைப்பட்டா திரும்பி வர்றீங்க. வலியை மதிக்கிறதாலதான் பத்திரமா இறங்கறீங்க.

4/ மதிக்கலைன்னா? வெயிலில் அளவுக்கு மீறி உழைச்சா தசைநார்கள் சிதையும். அதிலிருந்து வெளிவர்ற மயோகுளோபின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். சிறுநீர் கோலா நிறத்துல போகும். சிலருக்கு டயாலிசிஸ் வரைக்கும் போகும். மன உறுதி அதிகமா இருக்கேன்னு சிறுநீரகம் சலுகை தராது.

5/ இப்போ மலையை விட்டு சிப்காட்டுக்கு வருவோம். ஒரு தொழிற்சாலையில (பேர் வேண்டாம்) ட்ரெக் போய் வந்த மேலதிகாரி தன் போட்டோக்களைப் போட்டுக் காட்டி, "நானே இவ்வளவு தூரம் நடந்தேன், நீங்க எட்டு மணி நேரம் நிக்க மாட்டீங்களா?"ன்னு கேட்டாராம். சொன்னது குதிகால் வலியோட ஓ.பி.க்கு வந்த பொண்ணு.

6/ சார், நீங்க நடந்தீங்க. அவங்க ஒரே இடத்துல நிக்கறாங்க. நடக்கும்போது கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளும். அசையாம நின்னா ரத்தம் காலிலேயே தேங்கும். வீக்கம், வெரிகோஸ், குதிகால் வலி. இது போக, பாத்ரூம் போனா லைன் நிக்கும்னு தண்ணியே குடிக்காம இருந்து சிறுநீர்த் தொற்றோட வர்ற பொண்ணுங்க தனி.

7/ உட்கார இடம் கேட்கிறது சொகுசு இல்லை. நின்னு வேலை செய்றவங்களுக்கு உட்கார வசதி வேணும்னு 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆவது பிரிவே சொல்லிடுச்சு. கடை ஊழியர்களுக்கு 2021ல தமிழ்நாடு தனியா சட்டத் திருத்தம் கொண்டு வந்தது. 2023ல 12 மணி நேர வேலைக்கு வழிவிட்ட மசோதா எதிர்ப்புக்குப் பிறகு வாபஸ் ஆச்சு. உடம்புக்கு எல்லை இருக்குன்னு ஊருக்கே தெரியும்.

8/ "கஷ்டம் மனுஷனைப் பக்குவப்படுத்தும் டாக்டர்"னு வருவீங்க. 2020 மார்ச் கடைசியில ஊரடங்கு போட்டதும் அத்திப்பள்ளி, ஜூஜூவாடி தாண்டி இதே நெடுஞ்சாலையில மூட்டையோட நடந்தாங்களே, அவங்களுக்கு என்ன பாடம் கிடைச்சது? நாடு முழுக்க அப்படி நடந்தவங்கள்ல எத்தனை பேர் செத்தாங்கன்னு கணக்கே இல்லைன்னு அந்த செப்டம்பர்ல மத்திய அரசு மக்களவையில சொல்லுச்சு.

9/ அதே வெயில், அதே கால்வலி. உங்களுக்கு அது அனுபவம், அவங்களுக்கு அது அவதி. வித்தியாசம் மன உறுதியில இல்லை. நினைச்ச இடத்துல நிக்கவும் திரும்பவும் முடியுமாங்கிறதுலதான் இருக்கு.

10/ அதனால மலையில இருந்து பாடம் கொண்டு வரணும்னா இதைக் கொண்டு வாங்க: மெதுவா நடக்கிறவரோட வேகம்தான் குழுவோட வேகம். தண்ணிக்கும் ஓய்வுக்கும் யார்கிட்டயும் கெஞ்சக் கூடாது. உங்க கீழ வேலை செய்ற லைன்ல எத்தனை ஸ்டூல் இருக்குன்னு நாளைக்குக் காலையில எண்ணிப் பாருங்க. வாழ்க்கைப் பாடம் பதிவை அப்புறம் போடலாம்.