கம்பைலர் திட்டினால் நல்லது

யூனிக்ஸில் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்த நெட்வொர்க் புரோகிராமை விண்டோஸுக்கு மாற்றிக் கம்பைல் செய்தால், திரை முழுக்கப் பிழைச் செய்திகள். காரணத்தைத் தேட 1983க்குப் போக வேண்டும்.

பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் அந்த ஆண்டு வெளியிட்ட 4.2 பிஎஸ்டி யூனிக்ஸ் மூலம்தான் 'சாக்கெட்' பரவலானது. ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றுடன் பேசும் வாசல் அது. யூனிக்ஸில் சாக்கெட்டும் ஒரு ஃபைல் மாதிரிதான். அதற்கும் ஒரு சிறு எண் உண்டு. ஃபைலைப் படிக்கும் 'ரீட்', மூடும் 'க்ளோஸ்' இரண்டும் அதனிடமும் செல்லுபடியாகும்.

இதே ஏற்பாட்டை விண்டோஸுக்குக் கொண்டுவந்தது வின்சாக். அதன் 1.1 பதிப்பு வந்தது 1993 ஜனவரியில். பெயர்களில் பல பெர்க்லியிடம் வாங்கியவை, நடைமுறை வேறு. மூடுவதற்கு 'க்ளோஸ்சாக்கெட்'. ஆரம்பிக்கும் முன் 'டபிள்யூஎஸ்ஏ ஸ்டார்ட்டப்'பை அழைத்தாக வேண்டும். மறந்தால் 10093 என்ற பிழை எண் வந்து நிற்கும்.

முதலில் வரும் பிழைகள் எளியவை. யூனிக்ஸின் ஹெடர் ஃபைல்கள் விண்டோஸில் கிடையாது. பதிலுக்கு 'வின்சாக்2' ஹெடரைச் சேர்க்க வேண்டும். அதுவும் 'விண்டோஸ்' ஹெடருக்கு முன்னால். பின்னால் போட்டால், பழைய வின்சாக்கின் அறிவிப்புகள் முந்திக்கொள்ளும். ஒரே பெயர் இரண்டு முறை வரையறுக்கப்பட்டதாகக் கம்பைலர் வரிசையாகப் புகார் சொல்லும். இரண்டு வரிகளை இடம் மாற்றினால் அத்தனையும் மறைந்துவிடும்.

ஆபத்து, கம்பைலர் வாய் திறக்காத இடத்தில் இருக்கிறது. யூனிக்ஸில் சாக்கெட் கிடைக்காவிட்டால் விடை -1. எனவே பலர் 'பூஜ்யத்துக்குக் குறைவா?' என்று சோதிப்பார்கள். விண்டோஸில் சாக்கெட் என்பது குறைகுறி இல்லாத எண். அது பூஜ்யத்துக்குக் கீழே போகவே போகாது. தோல்வியையும் வெற்றி என்று நம்பி புரோகிராம் மேலே நடக்கும்.

பிழையை அவசரமாக அடக்குவதும் அதே கதைதான். எதிர்முனை இணைப்பை மூடிய பிறகு தகவல் அனுப்பினால் புரோகிராம் செத்துவிடாமல் காக்க, லினக்ஸில் 'எம்எஸ்ஜி நோசிக்னல்' உண்டு. மேக்கின் பழைய பதிப்புகளில் அந்தப் பெயர் இல்லை. அதைப் பூஜ்யம் என்று வரையறுத்துவிட்டால் கம்பைலர் சமாதானமாகிவிடும். பாதுகாப்பு மட்டும் போய்விடும். அங்கே செய்ய வேண்டியது, சாக்கெட்டிலேயே 'எஸ்ஓ நோசிக்பைப்' என்ற விருப்பத்தை இயக்குவது.

இன்னும் மோசமானது 'எஸ்ஓ ரீயூஸ்அட்ரஸ்'. யூனிக்ஸில் சர்வரை நிறுத்திய கையோடு அதே போர்ட்டில் மறுபடி தொடங்க உதவும் வசதி. விண்டோஸில் அதே பெயர், ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் போர்ட்டில் இன்னொரு புரோகிராம் வந்து உட்காரவும் வழிவிடும். கம்பைலருக்கு இரண்டும் ஒன்றே. இதைத் தடுக்கவே 'எக்ஸ்க்ளூசிவ்அட்ரஸ்யூஸ்' என்ற தனி விருப்பத்தை மைக்ரோசாஃப்ட் சேர்த்தது.

அனுபவசாலிகள் இந்த வித்தியாசங்களைப் புரோகிராம் முழுக்கத் தூவுவதில்லை. ஒரே இடத்தில் அடைத்துவிடுகிறார்கள். 2002இல் வந்த அப்பாச்சி 2.0 வெப் சர்வர் இதற்கென்றே 'ஏபிஆர்' என்ற தனி நூலகத்தின் மீது எழுப்பப்பட்டது.

பிழை இல்லாமல் கம்பைல் ஆனது என்றால் எழுத்துக்கூட்டல் சரி என்று மட்டும்தான் பொருள். இணைப்பை நடுவில் துண்டித்து, சர்வரை நிறுத்தித் தொடங்கிப் பார்த்த பிறகே வேலை முடிந்தது எனலாம்.