வீடு வாங்கச் சொல்லிப் பிள்ளைகளை விரட்டாதீர்கள்

பிள்ளை வேலைக்குப் போய் மூன்று வருடம்கூட ஆகியிருக்காது. அதற்குள் ஆரம்பித்துவிடுகிறோம். "வாடகை கொடுக்கிற காசெல்லாம் தண்டம். லோன் போட்டு ஒரு ஃபிளாட்டை வாங்கிப் போடு." சித்தி மகன் வாங்கிவிட்டான், எதிர்வீட்டுப் பெண் வாங்கிவிட்டாள் என்று போன் பேசும்போதெல்லாம் ஒரு குத்தல். பெற்றோரே, போதும். இருபது வருடம் தவணை கட்டப்போவது அவர்கள். முதல் வீட்டை எப்போது வாங்குவது என்று முடிவு செய்ய வேண்டியதும் அவர்கள்தான்.

தண்டம் என்கிறோமே, கணக்குப் போட்டுப் பார்த்தோமா? சென்னைப் புறநகரில் 65 லட்ச ரூபாய்க்குக் கைமாறும் ஒரு ஃபிளாட் என்று வைத்துக்கொள்வோம். கடன் 50 லட்சம், வட்டி 8.5 சதவீதம், 20 வருடம். மாதத் தவணை சுமார் 43,400 ரூபாய். முதல் தவணையில் 35,400 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது வெறும் 8,000. அதே வீட்டில் வாடகைக்கு இருந்தால் பல இடங்களில் 20,000 ரூபாயைச் சுற்றி முடிந்துவிடும். வீட்டுக்காரருக்குக் கொடுப்பது தண்டம் என்றால், வங்கிக்குக் கொடுக்கும் வட்டிக்கு என்ன பெயர்? கடன் முடியும்போது வட்டி மட்டும் 54 லட்சம் ஆகியிருக்கும். வீட்டு விலையும் ஏறும், வாடகையும் ஏறும், உண்மைதான். ஆனால் அந்த ஏற்றத்தின் பலன் அதே ஊரில் நிலைத்து இருப்பவருக்குத்தான் கிடைக்கும்.

கைக்காசுக்கு வருவோம். இந்த அளவு கடனுக்கு வீட்டு விலையில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி கொடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. பத்திரச் செலவுக்கும் கடன் கிடைக்காது. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 65 லட்சத்துக்கு அதுவே 5.85 லட்சம். முன்பணம் 15 லட்சத்தையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 21 லட்சம் கையில் வேண்டும். இருபத்தேழு வயதில் அது எங்கிருந்து வரும்? அப்பாவின் பி.எஃப். பணம், அம்மாவின் நகை, மிச்சத்துக்குப் பர்சனல் லோன். வயதான காலத்துக்கு வைத்திருந்ததைக் கரைத்துவிட்டு, நாளை ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தவணை கட்டித் திணறும் அதே பிள்ளையிடம் போய் நிற்போமா?

"வரி மிச்சமாகும்" என்ற பழைய வாதமும் இப்போது பலருக்குப் பொருந்தாது. புதிய வருமான வரி முறையில், குடியிருக்கும் சொந்த வீட்டுக்கான கடன் வட்டிக்குக் கழிவு கிடையாது.

நம்மில் பலர் ஒரே ஊரில், ஒரே வேலையில் இருந்து ஓய்வு பெற்றோம். இவர்களுக்கு இன்று சிறுசேரி, நாளை பெங்களூரு, அதற்கடுத்த வருடம் வேலை இருக்குமா என்பதே தெரியாது. வட்டியும் நிற்பதில்லை. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏறியது. அதற்குச் சற்று முன் 7 சதவீத மாறும் வட்டியில் 50 லட்சம் வாங்கியவருக்குத் தவணை 38,800 ரூபாய் போல இருந்திருக்கும். வட்டி 9.5 ஆனபோது அந்தத் தொகை வட்டிக்கே சரியாகிவிட்டது. தவணையைக் கூட்ட வேண்டும், இல்லையென்றால் வருடங்களைக் கூட்ட வேண்டும். அந்த மாதங்களில் ராத்தூக்கம் போனது யாருக்கு?

பெண்ணைப் பெற்றவர்களுக்கும் சொல்கிறேன். "மாப்பிள்ளைக்குச் சொந்த வீடு இருக்கா?" என்பதை முதல் கேள்வியாக வைக்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து அவசரமாக வாங்கிய கடனை உங்கள் மகளும் சேர்ந்துதான் கட்டப்போகிறாள். பத்திரத்தில் பல நேரம் அவள் பெயர்கூட இருக்காது.

வீடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்ற ஆசை நியாயமானது. அதற்கான நேரம் வரட்டும் என்கிறேன். அந்த ஊரில் ஏழெட்டு வருடமாவது இருப்போம் என்ற தெளிவு வர வேண்டும். முன்பணமும் பத்திரச் செலவும் சொந்தச் சேமிப்பிலிருந்து வர வேண்டும். அதற்கு மேல் ஆறு மாதத் தவணை தனியாகக் கையிருப்பில் வேண்டும். இருவர் சம்பாதித்தாலும், ஒருவர் சம்பளம் நின்றால் மற்றவர் சம்பளத்தில் தவணையும் சாப்பாடும் ஓட வேண்டும். இவை கூடிவரும்போது வயது இருபத்தொன்பதா முப்பத்தெட்டா என்று பார்க்காதீர்கள்.

நாம் உதவ வேண்டிய இடம் வேறு. அவர்கள் வீடு பார்க்கத் தொடங்கியதும் வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா, திட்ட அனுமதி எல்லாவற்றையும் வக்கீலிடம் கொடுத்துப் பொறுமையாகப் பார்த்துத் தரலாம். புதிய அடுக்ககம் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவான திட்டமா, பிரிபடாத மனைப்பங்கு எவ்வளவு என்று விசாரிக்கலாம். மழைக்காலத்தில் நேரில் போய்த் தெருவில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்கலாம். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும், 2023 டிசம்பரில் பள்ளிக்கரணையிலும் தவணை கட்டிக்கொண்டிருந்த வீடுகளுக்குள்தான் வெள்ளம் புகுந்தது.

சொந்தக்காரர்கள் கேட்டால், "அவன் வசதிப்படி வாங்குவான்", "அவள் நேரம் வரும்போது வாங்குவாள்" என்று சொல்லி நிறுத்துங்கள். ஊர் வாய்க்கு நாம் பதில் சொல்லிக்கொள்வோம். பிள்ளைகள் நிதானமாக யோசித்து முடிவெடுக்கட்டும்.