பெரிய பொருளும் சிறிய வினாவும்

ஆராய்ச்சிக் கட்டுரை எழுதப் புகும் மாணவர் பலர், தலைப்பு எத்துணைப் பெரிதோ அத்துணைப் பெருமை என எண்ணுகின்றனர். "இலங்கையின் தோட்டப் பயிர்ச்செய்கை" என்று எழுதிக்கொண்டு நூலகத்துட் புகுவர். மாதம் ஒன்று கழியும், குறிப்பேடுகள் நிறையும், கட்டுரையோ ஒரு பக்கமும் நகராது. மாணவரின் அறிவிற் குறையில்லை. எடுத்த பொருளுக்குத்தான் கரையில்லை.

கரை கட்டுவது எங்ஙனம்? தோட்டப் பயிர்களுட் கோப்பியை மட்டும் கொள்க. இடம், மத்திய மலைநாடு. காலம், 1869 ஆம் ஆண்டில் இலைநோய் கண்டது முதல் இருபது ஆண்டுகள்.

இவ்வளவு சுருக்கியும் நம் கையில் உள்ளது தலைப்பே, வினா அன்று. கோப்பி அழிந்தபின் தேயிலை வந்தது என்பர். ஆனால் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை நட்டது 1867 இல். நோய் தோன்றுவதற்கு ஈராண்டு முன்னரே. அவ்வாறாயின், நோய் கண்டவுடன் தோட்டத் துரைமார் தேயிலைக்கு மாறாது, பல ஆண்டுகள் கோப்பியையே பற்றி நின்றது ஏன்? இதுவே வினா. கோப்பியின் விலை, கடன், சிங்கோனாப் பயிர் என்று தேட வேண்டியவை இப்போது தாமே புலப்படும். தேட வேண்டாதவை தாமே விலகும்.

அந்நோயை ஆராய 1880 இல் இங்கு வந்த தாவரவியலாளர் மார்சல் வார்ட் கையாண்ட முறையும் இதுவே. கோப்பியைக் காப்பது எப்படி என்று நாடே கேட்டது. அவரோ, நோய் ஓர் இலையிலிருந்து மற்றோர் இலைக்குச் செல்வது எவ்வாறு என்று கேட்டார். கண்ணாடித் தட்டுகளை வைத்துக் காற்றில் மிதந்துவரும் பங்கசு வித்திகளைப் பிடித்து, காற்றே அதனைப் பரப்புகின்றது எனக் காட்டினார். கோப்பி பிழைக்கவில்லை, ஆயினும் அவர் கண்ட விடை தாவர நோயியலில் நிலைத்துவிட்டது.

அளவுக்கு மிஞ்சிச் சுருக்குதலும் ஆகாது. ஒரு தோட்டத்தின் ஓராண்டுக் கதையை எடுத்தால், அத்தோட்டத்தின் பதிவேடுகள் கிடைக்காதபோது எழுத ஒன்றுமிராது. ஆகவே மூன்றை உறுதிசெய்க: வினா ஒரே வாக்கியத்தில் அடங்குகின்றதா? அதற்குரிய சான்றுகள் எட்டும் தூரத்தில் உள்ளனவா? நாம் எதிர்பாராத விடையும் வருதல் கூடுமா?

பெற்றோரும், "தலைப்பு என்ன?" என்று பிள்ளையைக் கேட்பதினும், "நீ விடை தேடும் வினா யாது?" என்று கேட்பது நன்று. அதற்கு மறுமொழி தடையின்றி வருமாயின், கட்டுரை பாதி முடிந்ததெனக் கொள்ளலாம்.