கேட்டைத் தாண்டியதும் தொலையும் கணக்கு

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில், இருங்காட்டுக்கோட்டையிலோ ஒரகடத்திலோ அசெம்பிளி லைனில் நகரும் ஒரு காரைப் பற்றி அந்த ஆலைக்குத் தெரியாதது அநேகமாக எதுவும் இல்லை. 17 இலக்க சேஸ் நம்பரை வைத்தே, அந்த வண்டி எந்த நாளில் எந்த ஷிஃப்டில் உருவானது, முக்கியமான பாகங்கள் எந்த சப்ளையரின் எந்தத் தொகுப்பிலிருந்து வந்தன என்பதுவரை பின்னோக்கிப் போய்ப் பார்த்துவிடலாம். ஒரு பாகத்தில் கோளாறு என்று தெரிந்தால், திரும்ப அழைக்க வேண்டிய வண்டிகளின் பட்டியலை எடுப்பது பெரிய வேலையே இல்லை. 1998-இல் சான்ட்ரோவோடு ஹூண்டாயும், 2010-இல் ரெனோ-நிசான் கூட்டணியும், அவற்றைச் சுற்றி வளர்ந்த நூற்றுக்கணக்கான உதிரிபாக ஆலைகளும் இந்த வட்டாரத்துக்குள் கொண்டுவந்த ஒழுங்கு இது. அதே கார் ஆறேழு ஆண்டுகள் கழித்து இணையத்தில் விற்பனைக்கு வரும்போது, அதைப் பற்றி வாங்குபவருக்குக் கிடைப்பவை சில புகைப்படங்கள், மீட்டர் காட்டும் ஒரு எண், 'சிங்கிள் ஓனர்' என்ற சான்று வாசகம். ஆலையின் கேட்டைத் தாண்டிய பிறகு காருக்கு என்ன நடந்தது என்று கேட்டால் விற்பவரின் வாய்ச்சொல்தான் பதில்.

பழைய காரை இணையத்தில் வாங்கவோ விற்கவோ முயல்பவர்களின் சலிப்பு எல்லோரும் அறிந்ததுதான். விளம்பரத்தை ஏற்றிய சில நிமிடங்களில் 'லாஸ்ட் ரேட் என்ன?' என்று போன்கள் வரத் தொடங்கும். பேசுபவர்களில் பலர் வண்டியை ஓட்டப் போகிறவர்கள் இல்லை, வாங்கி விற்கும் புரோக்கர்கள். வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்ளும் நிறுவனம் என்றால், திரையில் முதலில் தெரிந்த தொகை, ஆய்வாளர் பானெட்டைத் திறந்து மூடியதும் இறங்கிவிடும். வாங்குபவருக்கு வேறு தொல்லை: சந்தை விலைக்கு மிகக் கீழே ஒரு வண்டி, இடமாற்றலில் கிளம்பும் ராணுவ வீரர் என்றொரு கதை, முன்பணம் அனுப்பினால் போதும் என்றொரு வாக்குறுதி. போலீசார் எத்தனை முறை எச்சரித்தும் அலுக்காமல் தொடரும் மோசடி இது. இவற்றையெல்லாம் தளங்களின் குற்றமாகவே பேசிப் பழகிவிட்டோம். தளங்கள் மீது குற்றம் இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அவை இணையத்துக்குக் கொண்டுபோனது விளம்பரத்தையும் பேரத்தையும் மட்டுமே. பழைய காரின் நம்பகம் வண்டியின் கடந்தகாலத்திலும் பெயர் மாற்றத்திலும் இருக்கிறது. அவ்விரண்டின் பதிவுகளும் அரசிடமும் காப்பீட்டு நிறுவனங்களிடமும் கார் கம்பெனிகளிடமும் சிதறிக் கிடக்கின்றன. அவை திறக்கப்படாதவரை எந்தச் செயலியும் பெரிய புரோக்கர்தான்.

ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் எழுதி, 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்கக் காரணமான கட்டுரை பழைய கார் சந்தையைத்தான் உதாரணமாக எடுத்துக்கொண்டது. வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லா வண்டியையும் சந்தேகித்து, எதற்கும் குறைத்தே கேட்பார். அந்த விலைக்கு நல்ல வண்டியின் சொந்தக்காரர் இசையமாட்டார். உறவினருக்கோ உடன் வேலை செய்பவருக்கோ கொடுத்துவிடுவார். தெரிந்தவருக்குக் கொடுக்கக் கூச்சப்பட வேண்டிய வண்டி பொதுச் சந்தைக்கு வரும். இந்தத் தர்க்கத்தை இணையம் உடைத்துவிடும் என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள். தகவல் பொதுவெளியில் இருக்கும் விஷயங்களில் அது நடக்கவும் செய்தது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு மறைமலைநகர் ஆலையை மூடப்போவதாக அறிவித்ததும், 2022-இல் ஒரகடத்தில் தயாரான டட்சன் கார்கள் நிறுத்தப்பட்டதும், 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 18 விழுக்காடாகக் குறைந்ததும் எல்லோருக்கும் ஒரே நாளில் தெரிந்த செய்திகள். விற்பவரும் வாங்குபவரும் ஒரே தகவலை வைத்துப் பேரம் பேச முடிந்தது. ஒரு மாடலைப் பற்றிய செய்தியில் இணையம் சமநிலையைக் கொண்டுவந்தது. குறிப்பிட்ட ஒரு வண்டியைப் பற்றிய செய்தியில் 1970-இல் இருந்த இடத்திலேயே நிற்கிறோம்.

மறைக்கப்படும் கடந்தகாலங்களுக்குத் தமிழ்நாட்டுச் சந்தையில் தனிப்பெயர்களே உண்டு. 'டெல்லி வண்டி' அவற்றில் ஒன்று. தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பிறப்பித்த உத்தரவை 2018-இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. கெடு நெருங்கும் வண்டிகள் மலிவு விலையில் என்ஓசியோடு தெற்கே வந்தன. அதில் தவறேதும் இல்லை. இங்கே வரி கட்டி மறுபதிவு செய்து டிஎன் எண் வாங்கிய பிறகு, டெல்லியில் ஓடிய ஆண்டுகளை விளம்பரம் சொல்லாமல் விடுவதுதான் சிக்கல். இன்னொன்று வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டு அடையாறு பெருகியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையிலும் புறநகரிலும் ஏராளமான கார்கள் மூழ்கின. முழு இழப்பு என்று காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுத்து முடித்த வண்டி ஏலத்தில் போகும். எடுத்தவர் காயவைத்து, சீட் மாற்றி, பாலிஷ் போட்டு மறுபடி சந்தைக்கு அனுப்பலாம். வயரிங்கிலும் இசியுவிலும் ஏறிய ஈரம் மாதங்கள் கழித்துத்தான் வேலையைக் காட்டும். ஏர்பேக் விரிய வேண்டிய நேரத்தில் விரியாமல் போகலாம். அமெரிக்காவில் இத்தகைய வண்டியின் உரிமைப் பத்திரத்திலேயே முத்திரை குத்திவிடுகிறார்கள். நமது ஆர்சியில் அதற்கு இடமே இல்லை.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக்கே உரிய மூன்றாவது வகை, டி-போர்டு வாடகை வண்டியாக ஓடி, சொந்த உபயோக ஓன்போர்டு ஆன வண்டி. ஆலை ஊழியர்களையும் அதிகாரிகளையும் மூன்று ஷிஃப்டும் ஏற்றி இறக்கும் வாடகைக் கார்கள் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் சாலைகளில் நாள் முழுக்க ஓடுகின்றன. ஒரு குடும்பக் கார் பல ஆண்டுகளில் ஓடும் தூரத்தை அவை ஓரிரு ஆண்டுகளில் கடந்துவிடும். ஒப்பந்தம் முடிந்ததும் மஞ்சள் போர்டு வெள்ளையாகிறது. டிஜிட்டல் மீட்டரைக் குறைக்க ஒரு லேப்டாப்பும் சில நிமிடங்களும் போதும். இதைத் தடுக்க வழி தெரியாமல் உலகம் திகைத்து நிற்கவில்லை. பெல்ஜியத்தில் 2006 முதல் 'கார்-பாஸ்' சான்று இல்லாமல் பழைய காரை விற்க முடியாது. வண்டி ஒர்க்‌ஷாப்புக்கு வரும் ஒவ்வொரு முறையும் மீட்டர் அளவைப் பதிவது ஒர்க்‌ஷாப்பின் சட்டக் கடமை. உள்நாட்டு வண்டிகளில் மீட்டர் மோசடி அங்கே அநேகமாக ஒழிந்துவிட்டது. பிரிட்டனில் 3 ஆண்டு கடந்த கார்களுக்கு வருடாந்தரச் சோதனை கட்டாயம்; அதன் முடிவையும் மீட்டர் அளவையும் பதிவு எண்ணைக் கொடுத்து எவரும் இலவசமாகப் பார்க்கலாம். இங்கே சொந்த உபயோகக் கார் 15 ஆண்டுவரை எஃப்சிக்குப் போக வேண்டியதில்லை. ஆனாலும் மாசுச் சான்றுக்கு ஆண்டுதோறும் போகிறது; காப்பீடும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. அந்த இரு சமயங்களிலும் மீட்டரைப் படம் எடுத்து அரசின் வாகன் தரவுத்தளத்தில் ஏற்றினால் செலவு எவ்வளவு ஆகிவிடும்?

பெயர் மாற்றத்துக்கு வருவோம். விற்பவரின் உண்மையான பயம் இங்கேதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவின்படி விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நடைமுறை வேறு: 29, 30 ஆகிய படிவங்களில் வாங்குபவரின் பெயரை எழுதாமலே விற்பவரிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். இடையில் எத்தனை கை மாறினாலும் கடைசியாக வருபவரின் பெயர் அதில் ஏறும், அல்லது ஏறாமலே கிடக்கும். அதுவரை ஃபாஸ்டேக் பிடித்தமும் இ-செலானும் பழைய சொந்தக்காரரின் கணக்குக்கும் போனுக்கும் வந்துகொண்டிருக்கும். அது சில்லறைத் தொல்லை. பெரிய தொல்லை விபத்தில் இருக்கிறது. 2007 ஜூலையிலேயே காரைக் கொடுத்துவிட்டதாகச் சொன்ன ஒருவர், பல கை மாறிய அந்த வண்டி 2009 மே மாதம் விபத்தில் சிக்கியபோதும் பதிவேட்டில் தம் பெயர் இருந்ததால் இழப்பீட்டுக்குப் பொறுப்பானார். நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது. விபத்தில் பாதிக்கப்பட்டவர் யாரிடம் வண்டி இருந்தது என்று தேடி அலையக்கூடாது என்பது நியாயமான தர்க்கம். ஆனால் சுமை விழுவது படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடமை முடிந்ததாக நினைத்தவர் தலையில். சிக்கல் இழப்பீட்டோடு நிற்பதில்லை. 2025 நவம்பர் 10 அன்று டெல்லி செங்கோட்டை அருகே வெடித்த கார், இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் ஐ20 மாடல்தான். பதிவேட்டில் இருந்த பெயரிலிருந்து தொடங்கி, கை மாறிய வரிசையை ஒவ்வொன்றாகத் துலக்க வேண்டியிருந்தது புலனாய்வாளர்களுக்கு.

மத்திய அரசுக்கு இது தெரியாமல் இல்லை. 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, பழைய வண்டி வியாபாரி பதிவு அலுவலகத்தில் அங்கீகாரம் பெற வேண்டும். வண்டி வியாபாரியின் கைக்கு வந்ததும் அது 29சி படிவத்தில் தெரிவிக்கப்பட வேண்டும். அந்த நிமிடத்திலிருந்து அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். அபூர்வமாக, பிரச்சினையின் வேரைத் தொட்ட விதி. ஆனால் சாலையோரக் கடையில் வண்டியை விடுபவருக்கோ, இணையத்தில் விற்பவருக்கோ 29சி கேட்டு வாங்க வேண்டும் என்று சொல்ல ஆளில்லை. அங்கீகார எண் இல்லாத வியாபாரியின் விளம்பரத்தை ஏற்றக்கூடாது என்று தளங்களுக்கு உத்தரவிட்டால் பாதி வேலை முடியும். மனை விற்பனை விளம்பரங்களில் ரெரா எண்ணைக் கட்டாயமாக்க முடிந்த நாடு இது.

தளங்களின் தரப்பு இதற்குச் சொல்லும் பதிலை அலட்சியப்படுத்த முடியாது. இருநூறு அம்சம் சோதிக்கிறோம், வாரண்டி தருகிறோம், பெயர் மாற்றத்தையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம், பிறகென்ன என்பார்கள். 2015-இல் தொடங்கிய கார்ஸ்24, ஸ்பின்னி போன்றவை வெறும் விளம்பரப் பலகையாக இருந்த தொழிலை இவ்வளவு தூரம் நகர்த்தியது உண்மை. இருந்தும் ஆய்வு என்பது ஒருநாள் பார்வை. பெயின்டின் தடிமனைக் கருவியால் அளந்து அடிபட்ட கதவைக் கண்டுபிடிக்கலாம், குறைக்கப்பட்ட மீட்டரை அப்படிக் கண்டுபிடிக்க முடியாது. மேலும் சோதிப்பவரும் விற்பவரும் ஒரே நிறுவனமாக இருக்கும்போது, சான்றின் மதிப்பு அந்த நிறுவனத்தின் நாணயத்தோடு நின்றுவிடுகிறது. இந்த உத்தரவாதத்துக்கு ஒரு விலையும் உண்டு. பதிவு பெற்ற வியாபாரியின் லாப வித்தியாசத்தின் மீது, 2024 டிசம்பரில் ஜெய்சல்மேரில் கூடிய ஜிஎஸ்டி மன்றம் வரியை 18 விழுக்காடாகச் சீராக்கியது. தனிநபர் தனிநபருக்கு விற்றால் அந்த வரி இல்லை. அந்த வழியில் போகும் வாங்குபவருக்கு நுகர்வோர் நீதிமன்றக் கதவும் இல்லை, ஏனென்றால் எதிரே நிற்பவர் வியாபாரி அல்லர். மலிவு வேண்டுமானால் பாதுகாப்பை விட வேண்டும், பாதுகாப்பு வேண்டுமானால் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்ற இந்த நிலை, பதிவு இல்லாததால் வந்தது.

தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போனால் போதும், இணையமே வேண்டாம் என்பது இன்னொரு தரப்பு. உள்ளூரில் நாலு பேர் முகத்தில் விழிக்க வேண்டிய மெக்கானிக் எந்தச் செயலியைவிடவும் நேர்மையாக இருக்கக்கூடும், மறுப்பதற்கில்லை. ஆனால் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் வெளியூர்க்காரர்களால் ஆனது. விருதுநகரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து வாடகை வீட்டில் தங்கி முதல் காரை வாங்க நினைக்கும் தொழிலாளிக்குத் தெரிந்த மெக்கானிக் யார் இருக்கிறார்? முகமறியாதவர்கள் நடத்தும் பேரத்துக்குத்தான் பதிவேடு தேவை.

அந்தரங்கம் பற்றிய ஆட்சேபம் கொஞ்சம் கனமானது. வண்டியின் விவரத்தைத் திறந்தால் சொந்தக்காரரின் விவரமும் கசியாதா? பிரிட்டன் காட்டும் பக்கத்தில் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை. மீட்டர், சோதனை, தேதி மட்டுமே. நம் அரசுக்கு இந்தக் கூச்சம் எல்லாக் காலத்திலும் இருந்ததுமில்லை. 2019-இல் வாகனப் பதிவுத் தரவுகளை மொத்தமாக நிறுவனங்களுக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய்க்கு விற்கும் கொள்கையைக் கொண்டுவந்து, எதிர்ப்பு வலுத்ததும் 2020-இல் கைவிட்டது. தரவை மொத்தமாக விற்கத் துணிந்த அரசு, வாங்கப்போகும் ஒற்றை வண்டியின் மீட்டர் வரலாற்றைக் கேட்கும் குடிமகனுக்கு மட்டும் அந்தரங்கத்தைக் காரணம் காட்ட முடியாது.

மிச்சமிருப்பது கார் கம்பெனிகளின் கணினிகளில் கிடக்கும் சர்வீஸ் வரலாறு. எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டரில் வண்டி வந்தது, என்ன மாற்றினார்கள் என்பதெல்லாம் சேஸ் நம்பர் வாரியாக அங்கே இருக்கிறது. அதைத் தாமாகத் திறக்க அவர்களுக்கு வணிகக் காரணம் எதுவும் இல்லை, ஏனென்றால் அவர்களே பழைய கார் வியாபாரிகள்: மாருதிக்கு 2001 முதல் ட்ரூ வேல்யூ, ஹூண்டாய்க்கு ஹெச் ப்ராமிஸ். பூட்டி வைத்த வரலாறு அவர்களுடைய கடைக்குக் கூடுதல் மதிப்பு. ஆகவே சட்டம் கேட்டால்தான் அது வெளியே வரும். மோட்டார் வாகனம் பொதுப்பட்டியலில் இருப்பதால் தமிழக அரசு டெல்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பெயர் மாற்ற விண்ணப்பத்தோடு மீட்டர் அளவு, கடைசி சர்வீஸ் விவரம், டி-போர்டில் ஓடிய காலம் மூன்றையும் கேட்டு வாங்கி, பதிவு எண்ணைத் தட்டினால் தெரியும்படி வைக்கலாம். மாநிலம் முழுவதும் ஒரே நாளில் முடியாதென்றால், டிஎன் 87 தொடரை வழங்கும் ஸ்ரீபெரும்புதூர் அலுவலகத்தில் முதலில் செய்து பார்க்கலாம்.